தெக்காவிடம் மூன்று பேராகப் போனோம்

"அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு அந்த இடத்திலேயே கோபம் ஏறும். நல்லது நினைத்துத்தான் கேட்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தாலும் ஏறும். என்னைப் பெற்ற ஐயா ஊரில் சண்டிலிப்பாயில் காலமானபோது நான் இங்கே டெனிஷ் நாட்டின் வைலே நகரத்தில் மூத்தவனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். பிள்ளைத்தாய்ச்சி தாங்கமாட்டாள் என்று எல்லோரும் கூடிக் கதைத்து எனக்கு மறைத்துவிட்டார்கள். அந்த நாட்களில் நான் ஐயாவுக்கு அனுப்புவதற்கென்று சட்டைத் துணி தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். என் கணவர் தேவநாயகம் எல்லாம் தெரிந்துகொண்டே கூட வந்து, "நீலம் நல்லாயிருக்கும்" என்றார். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பாஸ்டரைக் கூட்டிவந்து சொன்னார்கள். அந்தச் சட்டைத் துணியை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. மனிசனை ஒருமாதிரி மன்னித்துவிட்டேன்.

போன மாசியில் ஒரு காலை, அதே சொற்களை ஜாமா என்னிடம் சொன்னார். ஜாமா என் வேலைத் தோழி தெக்காவின் கணவர், ஓகூஸ் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். நானும் தெக்காவும் வைலேக்கு வெளியே ஒரு வாஸ்கெரியில் வேலை செய்கிறோம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் தாதிமாரின் உடுப்புகளையும் கழுவி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற பெரிய சலவை ஆலை அது. உருளை இயந்திரத்துக்கு முன்னால் விரிப்பின் ஒரு மூலையை அவள் பிடிப்பாள், மற்ற மூலையை நான் பிடிப்பேன், இழுத்து நேராக்கி உள்ளே விடுவோம். நாள் முழுக்க இதுதான். கட்டின புருஷன் முகத்தைவிட அவள் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தெக்கா சோமாலியா நாட்டுக்காரி. பெலெத்வெய்ன் என்று ஆற்றங்கரை ஊர். சண்டைக்குப் பயந்து கென்யாவுக்கு ஓடி, அங்கே முகாமில் வளர்ந்து, கலியாணம் கட்டி இங்கே வந்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் டெனிஷ்தான். அவளுடைய டெனிஷும் நொண்டும், என்னுடையதும் நொண்டும், ஆனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல் போனதில்லை. அவளும் ஜாமாவும் டெனிஷில் கதைத்ததை நான் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன், வேறு எப்படி எழுத? நேசமலர் என்ற என் முழுப்பெயர் அவள் வாயில் நுழையவில்லை. நேசா ஆக்கிவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளோடு எனக்கு ஓயாத சண்டை. இறைச்சிச் சோற்றுக்குப் பக்கத்தில் வாழைப்பழத்தை உரித்து வைத்து, சோற்றையும் பழத்தையும் சேர்த்து வாயில் போடுவாள். முதல்முதல் பார்த்தபோது "இதென்ன கோதாரி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்த் திட்டான அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து இயந்திரம் இறுகினாலும் பஸ் பிந்தினாலும் "கோதாரி, கோதாரி" என்பாள். புதிதாக வந்த டெனிஷ் பிள்ளைகள் அதைச் சோமாலிச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு ஒரே பிள்ளை. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போய், வருடக்கணக்காகக் காத்திருந்து பிறந்த மகள் ஹிபாக். சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வருகிற வயது. அந்தச் சைக்கிள்தான் தெக்காவின் பயம். பனி விழுந்த நாட்களில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றபடியே ஜன்னலைப் பார்ப்பாள். "போய்ச் சேர்ந்திருப்பாள் என்ன?" என்று என்னைக் கேட்பாள். "ஓமடி, சேர்ந்திருப்பாள்" என்று நானும் ஏதோ ராடார் வைத்திருக்கிறவள் மாதிரிச் சொல்வேன்.

அவளுடைய தாய் பெலெத்வெய்னில் இளைய மகளோடு இருந்தார். தாயும் மகளும் நேரில் பார்த்து எத்தனையோ வருடம். தெக்காவின் தங்குமிட அனுமதி அகதி அனுமதி. தப்பி வந்த நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டு வந்தால், "அப்ப உனக்கு அங்கே பயமில்லைத்தானே" என்று அனுமதியைப் பறித்துவிடுவார்கள். சோமாலிகள் பலருக்கு அந்த நாட்களில் அப்படி விசாரணை வந்துகொண்டிருந்தது. தாயை நைரோபிக்குக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் அந்த மனுசிக்குக் கால் எழும்பாது. "குடியுரிமை கிடைச்ச அடுத்த நாள் பிளேன் ஏறுறன்" என்பாள். அதற்கான பரீட்சை இரண்டு தரம் கைவிட்டது. மூன்றாம் தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதுவரைக்கும் அவர்களுக்குப் போன்தான். தாய் ஒவ்வொரு காலையும் குரலைப் பதிந்து அனுப்புவார். சுத்தமான விரிப்புகள் இருக்கிற பக்கத்துக்குப் போன் கொண்டுபோகக்கூடாது, உடுப்பு மாற்றும் அறையில் பூட்டி வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் தெக்கா முதலில் போவது அந்த அறைக்குத்தான். தாயின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பாள். ஒரு நாள் போனை என் வாய்க்குக் கிட்டப் பிடித்து, "நீயும் ஏதாவது சொல்லு" என்றாள். எனக்கு வேறு என்ன தெரியும்? "அம்மா, சுகமா இருக்கிறீங்களோ?" என்று தமிழில் கேட்டேன். மறுநாள் அந்த அம்மா சிரித்துச் சிரித்து என்னென்னவோ சொல்லி, நடுவில் "நேசா" என்றார். அந்தக் கிழவியை எனக்கு உண்மையாகவே பிடிக்கும்.

ஜாமாவின் அழைப்பு எங்கள் ஆலையின் அலுவலகத்துக்கு வந்தது. யூலியானா என்னை மட்டும் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். யூலியானா போலந்துக்காரி, எங்கள் பகுதியின் பொறுப்பாளர். போனை என் கையில் தந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"தெக்காவின்ரை அம்மா விடியப்புறம் மோசம் போயிட்டா. அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார் ஜாமா. "மத்தியானம் போனை எடுக்க விடாதேங்கோ. எல்லாரும் செய்தி போடத் தொடங்கிட்டினம், திறந்தால் தெரிஞ்சிடும். இஷொயில் இருக்கிற அவளின்ரை சின்னம்மா ரயில் ஏறிட்டா. கூட இன்னும் பெண்டுகள் வருகினம். வேலை முடியிற நேரம் நாங்கள் வீட்டிலை கூடி இருந்து சொல்லுவம்."

இது அவர்களின் வழக்கம், எனக்குத் தெரியும். சாவுச் செய்தியைப் போனில் சொல்லமாட்டார்கள், ஒருவர் தனியே போயும் சொல்லமாட்டார்கள். உறவுக்காரர் ஐந்தாறு பேர் கூடிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார்கள். சுற்றி இருந்துகொண்டு சொல்வார்கள். விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும், அழுதால் கூட அழ ஆள் வேண்டும். தெக்காவே அப்படி எத்தனையோ வீட்டுக்குப் போனவள். அவளுக்குப் பதறாத குரல் என்பதால் அவளைத்தான் முன்னுக்கு விடுவார்கள். ஒருமுறை அப்படிப் போய்வந்த அடுத்த நாள் முழுக்க அவள் ஒரு சொல்லும் கதைக்காமல் விரிப்பு இழுத்தாள்.

"எப்ப அடக்கம்?" என்று கேட்டேன்.

"இண்டைக்குத்தான். பின்னேரத் தொழுகை முடிய."

அங்கே நேரம் எங்களுக்கு முன்னால் ஓடுகிறது. அவர்களின் பின்னேரம் எங்கள் மத்தியானம் தாண்டினவுடன் வந்துவிடும். வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது தாயின் மேல் மண் மூடியிருக்கும்.

"அப்ப அவள் முகத்தைப் பார்க்கிறதில்லையோ? தங்கச்சி போனிலை காட்டலாம்தானே. மண் போட முந்தி ரெண்டு சொல்லு கதைக்கலாம்தானே."

"அக்கா, கெஞ்சிக் கேக்கிறன். அவள் தாங்கமாட்டாள்."

தாங்கமாட்டாள்! என் காதுக்குள் தேவநாயகம் "நீலம் நல்லாயிருக்கும்" என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை வைத்தேன்.

திரும்பிப் போய் அவளுக்கு எதிரே நின்றேன். அவள் மூலையைப் பிடித்தாள், நான் மூலையைப் பிடித்தேன். "என்னவாம்?" என்று கேட்டாள். "லீவு விசயம்" என்றேன். அவள் நம்பினாள். என்மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கர்த்தரே, ஒவ்வொரு விரிப்பும் கல்லாய்க் கனத்தது. அவள் பரீட்சைக் கேள்விகளைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடாளுமன்றத்தில் எத்தனை உறுப்பினர், எந்த ஆண்டு எந்தச் சட்டம் என்று. தாயைப் பார்க்கப் போவதற்கான பரீட்சை. தண்ணீர் குடித்துவிட்டு வாறன் என்று விலகிப் போனேன்.

அடுத்த இயந்திரத்தில் சுஜீதா நின்றாள். எங்கள் தமிழ்ப் பிள்ளை, ஊரிலிருந்து கலியாணம் கட்டி வந்து கொஞ்சக் காலம். அவளை இழுத்துக்கொண்டு போய் விசயத்தைச் சொன்னேன்.

"அக்கா, உங்களுக்கேன் இந்த வில்லங்கம்?" என்றாள். "அவையின்ரை ஆக்கள் வந்து அவையின்ரை முறைப்படி சொல்லட்டும். நாளைக்கு ஏதும் நடந்தால் உங்களிலைதான் வந்து விழும்."

"விழட்டும். அவள் தாயோடை கடைசியாக் கதைக்கிறதை நான் மறிச்சன் எண்டு இருக்கிறதிலும் பார்க்க இது நல்லது."

"செத்த ஆளோடை என்ன கதையக்கா?"

"உன்ரை அம்மா உயிரோடை இருக்கிறா. உனக்கு விளங்காது. வாயைப் பொத்து."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டேன். அவள் கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் இருக்கும்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்யும், அல்லது அப்படி நினைத்துக்கொள்வேன். தனியே சொல்லக்கூடாது, ஆட்கள் கூடிப் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே அவர்களின் முறை? கூடுவதற்கு நாங்கள் ஆட்கள் இல்லையோ? "நீயும் வா" என்றேன். சுஜீதா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அலுவலகத்துக்குப் போய் யூலியானாவையும் கூப்பிட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தாள். முறை தப்பாமல் செய்கிறேன் என்ற பெருமை கூட எனக்குள் இருந்தது.

மூன்று பேரும் வரிசையாகப் போனோம்.

தெக்கா எங்களைத் தூரத்திலேயே கண்டுவிட்டாள். எத்தனை வீட்டு வாசலில் அப்படிப் போய் நின்றவள் அவள்! எங்கள் நடையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த விரிப்பை விட்டாள். அது கோணலாக உருளைக்குள் போய் இறுகி, இயந்திரம் கத்தத் தொடங்கியது. அவள் பின்னால் ஒரு அடி வைத்தாள். சிவப்புப் பொத்தானை யூலியானா ஓடிப்போய் அழுத்தினாள். ஆலையின் அந்தப் பக்கம் முழுக்கச் சத்தம் நின்றது.

"வெம்?" என்று கேட்டாள் தெக்கா. யார் என்று அர்த்தம்.

நான் வாயைத் திறந்தேன். எதற்கும் முன்னுக்குப் பாய்கிற என் வாய், அந்த நேரம் பார்த்து ஒட்டிக்கொண்டது.

"சொல்லு! ஹிபாக்கா? சைக்கிளா?" அவள் என் கையைப் பிடித்தாள். நகம் தோலுக்குள் இறங்கியது. "ஜாமாவின்ரை பஸ்ஸா? நேசா! பிள்ளையா?"

அப்போதுதான் என் விசர்த்தனம் எனக்கு உறைத்தது. ஊரில் சாவு என்றால் அவளுடைய ஆட்கள் வந்திருப்பார்கள், சின்னம்மா வந்திருப்பா. சோமாலி முகம் ஒன்றுகூட இல்லாமல், வேலைத்தள ஆட்கள் மூன்று பேர் கூடி வருகிறார்கள் என்றால் அவளுக்கு அது ஒன்றைத்தான் சொல்லும். இங்கே, வைலேயில், இன்றைக்கு, அவளுடைய வீட்டில் ஏதோ நடந்துவிட்டது. அவர்களின் முறையைச் செய்கிறேன் என்று போய் நான் அவள் பிள்ளையைச் சாகடித்துக் காட்டிவிட்டேன்.

"இல்லை, இல்லை!" என்று கத்தினேன். "ஹிபாக் பள்ளிக்கூடத்திலை. ஜாமா நல்லாயிருக்கிறார். உன்ரை அம்மா, தெக்கா. அம்மா போயிட்டா."

அவள் கண்ணை மூடினாள். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு அவள் கால் மடிந்தது. நானும் சுஜீதாவும் சேர்ந்து பிடித்து, விரிப்பு வண்டிகளுக்கு நடுவே தரையில் இருத்தினோம். சத்தம் போட்டு அழவில்லை. முகத்தை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள்.

"இன்னும் அடக்கம் பண்ணேல்லை" என்று அவள் காதுக்குள் சொன்னேன். "தங்கச்சிக்கு எடு. இப்பவே எடு."

உடுப்பு மாற்றும் அறையில் அவளால் பூட்டைத் திறக்க முடியவில்லை. நான் திறந்து, போனை எடுத்துக் கொடுத்தேன். திரை முழுக்கச் செய்திகள். அவள் அதில் ஒன்றையும் பார்க்காமல் தங்கைக்கு எடுத்தாள். அங்கே பெண்கள் தாயைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றி முடித்திருந்தார்கள். முகம் மட்டும் இன்னும் மூடவில்லை. தங்கை போனைக் கிட்டக் கொண்டுபோனாள். நான் பார்க்கக்கூடாது என்று மற்றப் பக்கம் திரும்பி நின்றேன். ஆனால் கேட்டேன். "ஹோயோ, ஹோயோ" என்றாள். அம்மா என்ற அந்தச் சொல் எனக்குத் தெரியும். பிறகு ஒரே ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அரபு கலந்த சொல், மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்குப் பிடிபட்டது. பாவம், போய்ப் பார்க்க முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். அங்கே ஆண்கள் தூக்கிப்போக வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தங்கை ஏதோ சொன்னாள், திரை இருண்டது.

யூலியானா தன் காரிலேயே எங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள். ஜாமாவும் சின்னம்மாவும் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜாமா என்னைப் பார்த்தார், வணக்கம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தேநீர்ச் சீனியும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனேன். போகாதே என்றுதான் தேவநாயகம் சொன்னார், ஆகவே போனேன். கதவைத் திறந்தது ஜாமா.

"நான் உங்களைக் கும்பிடாத குறையாக் கேட்டன்" என்றார். சத்தமில்லாமல் சொன்னார். "நாங்கள் இருந்திருந்தால் அவள் இப்பிடிப் பயந்திருக்கமாட்டாள். இரவிலை எழும்பி எழும்பிப் பிள்ளையின்ரை கட்டிலைப் போய்ப் பார்க்கிறாள்."

வழக்கமாக என்றால் நான் திருப்பிக் கொடுப்பேன். அன்றைக்கு "ஓம்" என்றேன். "அதிலை நீங்கள் சொல்லுறது சரி." அவர் வழி விட்டார்.

உள்ளே பெண்கள் நிலத்தில் விரித்த கம்பளத்தில் நிறைந்து இருந்தார்கள். ஏலக்காயும் கறுவாவும் போட்ட தேநீர் மணத்தது. ஒரு மூலையில் யாரோ குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஹிபாக் தட்டில் கிண்ணங்கள் வைத்துக்கொண்டு திரிந்தாள், என்னைக் கண்டதும் டெனிஷில் "அம்மா அறைக்குள்ளே" என்றாள். தெக்கா கட்டில் ஓரத்தில் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு" என்றேன். "நான் அவசரக்காரி. உன்னைப் பயப்படுத்திப்போட்டன்."

"நீ சொல்லாட்டில் நான் அம்மாவின்ரை முகத்தைப் பார்த்திருக்கமாட்டன்" என்றாள். "ஜாமாவுக்கு அது விளங்காது. பிறகு விளங்கும்." அவள் விரல்களைப் பின்னிக்கொண்டாள். "ஆனால் நேசா, நான் அம்மாவிட்டை என்ன கேட்டன் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"வரேல்லை எண்டதுக்கு மன்னிப்பு."

"இல்லை. அது அம்மாவுக்குத் தெரியும். எத்தினையோ தரம் கதைச்சு அழுது முடிச்ச விசயம்." அவள் சாத்தின கதவை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "நீ அம்மா எண்டு சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. சந்தோசம் மாதிரி ஒண்டு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் எண்டு அல்லாவுக்கு நன்றி சொன்னன். என்ரை அம்மா செத்ததுக்கு நான் நன்றி சொன்னன், நேசா. ஊரிலை ஒருத்தருக்கும் இதைச் சொல்லேலாது. அம்மாவிட்டை மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டன். அவவுக்குக் கேட்டதோ தெரியாது."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. சபையில் ஆறுதல் சொல்ல வேண்டிய இடங்களில் நான் சமையலறைக்குப் போய் ஏதாவது கழுவிக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு அந்த அறையில் கழுவ ஒன்றும் இல்லை.

"அந்த இடத்திலை உன்ரை அம்மா நிண்டிருந்தால்?" என்று கேட்டேன். "மூண்டு பேர் வந்து நிண்டு, உன்ரை பிள்ளைக்கு ஒண்டுமில்லை, தெக்கா உயிரோடை இருக்கிறாள், போனது உன்ரை தாய்தான் எண்டு சொல்லியிருந்தால், அவ என்ன செய்திருப்பா?"

தெக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

"மூச்சு விட்டிருப்பா" என்றாள்.